பல் வேலை

மேல்மூடியின் குரோம் தேய்ந்து
மூலைகளில் பித்தளை பல்லிளிக்கிறது.
எனக்கு அது பிடித்தது.
பகல் முழுக்க நான் பார்ப்பது வேறு இளிப்புகள்:
பம்பலப்பிட்டி ஆய்வுகூடத்தில்
பிளாஸ்டர் அச்சுகளில் திறந்தபடி கிடக்கும்
ஆட்களில்லாத வாய்கள்.

கமராவின் சொந்தக்காரர் துவான் ரிஃப்கி
கொம்பனித்தெருவில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார்.
ஒரு நாளைக்கு ஒரு படம்,
அதற்கு மேல் ஃபிலிம் விலைக்குக் கட்டாது.
"இழுத்தா வழுக்குது மிஸ்.
செவ்வாய் மேல புதன் ஏறி உக்காருது."
நெகட்டிவ்வை ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.
கறுத்த வெயிலில்
சலூன் கதிரையில் இருந்த ஒருவரின் நெஞ்சுக்குள்ளால்
நூற்று முப்பத்தெட்டு பஸ் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி, கடல் பக்கம்.
சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துவாய் விரித்தேன்.
ஒவ்வொரு ஸ்க்ரூவும் கடுகில் பாதி.
பல்லுக்கு வைக்கும் மெழுகைத்
திருப்புளி நுனியில் ஒரு பொட்டுத் தொட்டால்
ஒட்டிக்கொண்டு வரும்.
ஆனால் ஏழு மணி தாண்டினால் பாணந்துறை ரயில்.
மேசை நடுங்கும்.
இரண்டு கையையும் கவிழ்த்து எல்லாவற்றையும் மூடி
அடைகாக்கும் கோழிபோல் இருப்பேன்.
ஒரு நாள் பிந்தி வந்த ரயில்
வேகச் சில்லைப் பூட்டும் மூன்றில் ஒன்றைக்
குசினிப் பக்கம் கொண்டுபோயிற்று.
காந்தத்தோடு தவழ்ந்தேன்.
பித்தளைக்குக் காந்தம் எதற்கென்று
பத்தரைக்குத்தான் உறைத்தது.

வேகச் சில்லில் நூற்றிருபத்தைந்தைக் காணவில்லை.
அறுபது இருந்தது. இருநூற்றைம்பது இருந்தது.
நடுவில் விரல் போய்ப் போய்ச் செய்த வழுவழுப்பு.
ஆயிரம் மட்டும் புதுக் கருக்கோடு:
யாரும் அவ்வளவு அவசரப்பட்டதில்லை.
ஊசியால் பள்ளம் தேடிக்
கறுப்பு இனாமல் விட்டு வழித்தேன்.
ஒன்று வந்தது. ஐந்து வந்தது.
இரண்டு வாலில்லாமல் வந்தது.
விட்டுவிட்டேன்.

லீவருக்குக் கீழே
பதினெட்டுப் பல்லில் ஒன்று மழுங்கிக் கிடந்தது.
பற்சில்லு என்று இதற்குப் பேர் வைத்தவர்
என்னை மனதில் வைத்திருக்க வேண்டும்.
சிலிக்கனில் முழுச் சில்லையும் அச்செடுத்தேன்.
மெழுகில் அந்த ஒரு பல்லை மட்டும் வளர்த்தேன்.
முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்துச்
சட்டத்தரணி ஒருவரின் பற்சட்டத்தோடு
ஒரே உலையில் வைத்தேன்.
அவர் புதுக்கடை நீதிமன்றத்தில்
கடித்துக் கதைக்கிற உலோகமும்
இது ஃபிலிமைக் கடிக்கிற உலோகமும்
ஒரே மூசையில் உருகியவை.
இரண்டுக்கும் தெரியாது.

பிறகு இரண்டு இரவு அரம்.

லீவர் நுனியின் பிளாஸ்டிக் உடைந்திருந்தது.
கறுப்பு கைவசமில்லை,
முரசு நிற அக்ரிலிக்தான் இருந்தது,
சன்னமான சிவப்பு நரம்புகளோடு.
பெருவிரலுக்கு இதமாய் வளைத்து
மினுக்கி முடித்தேன்.

பழைய ஃபிலிம் துண்டொன்றைப் போட்டு இழுத்தேன்.
ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே
இரண்டு மில்லிமீற்றர்.
செவ்வாய்க்கும் புதனுக்கும் இடையில்
இனி மெல்லியதொரு இரவு உண்டு.
பஸ் பஸ்ஸாகப் போகும்,
சலூன்காரர் நிம்மதியாய் முடி வெட்டுவார்.
அந்த நெஞ்சை நினைத்தபோது
கொஞ்சம் கள்ளத்தனமாய் இருந்தது.

ஞாயிறு மாலை ரிஃப்கி வந்தார்.
லீவரைத் தொட்டார். "இது என்ன, நாக்கா?"
"முரசு."
சிரித்தார்.
மேல் வரிசை, இடது பக்கம்,
கோரைப்பல்லை அடுத்து ஒரு வெளி.
என் தொழில் என்னை முந்திக்கொண்டது:
"செய்து தரட்டா? காசு வேண்டாம்."
"ஐயோ மிஸ், அதுக்குள்ளாலதானே
விசில் அடிக்கிறேன்."

கீழே இறங்கி வண்டியைத் திருப்பும்போது
அடித்தும் காட்டினார்.
மரைன் டிரைவில் எதுவோ பிரேக் போட்டு நின்றது.

பிறகு ரயில்.
மேசையில் ஒன்றும் இல்லை,
கைகள் தாமாகக் கவிழ்ந்துகொண்டன.